தமிழ் மாணவர் கையில் கணினி: அறிவும் அறமும் தாய்மொழியில் அமைக!

அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுக்கும் தாய், கூரையில் பொறி பறவாமல் காக்கும் வகையையும் அன்றே கற்றுக்கொடுக்கின்றாள். ஏர்பிடிக்கப் பழக்கும் தந்தை, அடுத்தவன் வரப்பைச் சீவலாகாது என்பதையும் அதே வயலில் நின்றுதான் சொல்கின்றான். தொழிலும் அத்தொழிலுக்குரிய அறமும் ஒரே நாளில், ஒரே வாயால், ஒரே மொழியால் பிள்ளையின் உள்ளத்தில் இறங்குகின்றன. வழிவழியாகத் தமிழ்க்குடி தன் பிள்ளைகளைப் பயிற்றிய முறை இதுவே. இம்முறைக்கு விலக்காகத் தமிழ்ப்பிள்ளையின் கைக்கு வந்துசேர்ந்த கருவி ஒன்று உண்டெனில், அது கணினியே!

கருவியைக் கொடுத்தவர் ஒருவர். இயக்கிக் காட்டியவர் மற்றொருவர். அதனால் விளையக்கூடிய கேட்டையும் அதனைக் கையாளுவார்க்குரிய கடப்பாட்டையும் எடுத்துச் சொன்னவர் எவரும் இலர். சொல்லப்பட்ட சிலவும் ஆங்கிலத்தில் சொல்லப்பட்டன. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் பள்ளிகள் அடைக்கப்பட்டபோது, தந்தையின் திறன்பேசியே பிள்ளையின் வகுப்பறையாயிற்று. இவ்வாறு பத்தாண்டுகளுக்குள் கருவி பெருகிற்று. கருவியைப் பற்றிய கல்வி அதனோடு ஒக்கப் பெருகவில்லை. ஓடம் கொடுக்கப்பட்டது, நீச்சல் கற்பிக்கப்படவில்லை.

விளங்காத மொழியில் கொடுக்கும் இசைவு

இக்குறையின் முதல் விளைவைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திறன்பேசியில் எந்தச் செயலியைத் திறந்தாலும், பயன்படுத்துவோரை நோக்கி நெடியதோர் உடன்படிக்கை விரிகின்றது. பெரும்பாலும் அஃது ஆங்கிலத்தில் இருக்கின்றது. அதுவும் ஆங்கிலேயருள்ளும் வழக்கறிஞர்க்கே விளங்கத்தக்க ஆங்கிலத்தில் இருக்கின்றது. அதன் அடியில் 'இசைகின்றேன்' என்னும் பொருள்பட ஒரு பொத்தான். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஒருவரியும் படியாமல், ஒரு நொடிக்குள் அதனை அழுத்திவிடுகின்றான். அவன் தன் பெயரையும் பிறந்த நாளையும், தான் நிற்கும் இடத்தையும், தன் நண்பர்தம் தொலைப்பேசி எண்களையும், தன் முகப்படத்தையும் எவருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டான். கொடுத்தோம் என்பதையும் அறியான். யாருக்குக் கொடுத்தோம் என்பதையும் அறியான்.

எழுதப்படிக்கத் தெரியாத உழவனிடம் வட்டிக்கடைக்காரன் வெற்றுத்தாளில் கைந்நாட்டு வாங்கிய கொடுமையைத் தமிழ்நாட்டு ஊர்கள் அறியும். இன்று நிகழ்வதும் அத்தகைய கைந்நாட்டே. வேறுபாடு யாதெனில், அன்று கைந்நாட்டு வைத்தவன் கல்லாதவன். இன்று வைப்பவன் பள்ளியிற் படிப்பவன்.

சட்டம் இதனை அறியாமல் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய உடன்படிக்கைச் சட்டத்தின்படி, பதினெட்டு அகவை நிரம்பாதவர் உடன்படிக்கை செய்துகொள்ளத் தகுதியுடையர் அல்லர். 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற எண்மத் தனியாள் தரவுக் காப்புச் சட்டமும், பதினெட்டு நிரம்பாதாருடைய தரவுகளைக் கையாளுமுன் பெற்றோரின் மெய்ப்பிக்கத்தக்க இசைவைப் பெறல் வேண்டும் எனவும், சிறாரைப் பின்தொடர்ந்து கண்காணித்தலும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலும் கூடா எனவும் வகுத்துள்ளது. நன்று. ஆனால், இவ்வாறு ஒரு காப்பு உண்டு என்பதை அம்மாணவனுக்கும் அவன் பெற்றோர்க்கும் தமிழில் சொன்னவர் யாவர்? அறியப்படாத உரிமை, பெட்டகத்துள் பூட்டிய பொன்னைப் போன்றது. உடையவன் பட்டினி கிடப்பான்.

ஆகவே, கணினிக் கல்வி என்பது பொத்தான்களை அழுத்தப் பழகுவதன்று. எதனை அழுத்துகின்றோம், அழுத்தினால் என்ன நிகழும், அதற்கு யார் பொறுப்பு என்னும் மூன்றையும் அறிவதே கணினிக் கல்வி. இம்மூன்றும் தாய்மொழியிலன்றி மாணவன் உள்ளத்தில் வேர்கொள்ளா. இக்கட்டுரையின் கருத்து இஃது ஒன்றே.

துளையும் துளையின்மையும்

கணினியின் அடிப்படை, தமிழில் சொல்லவொண்ணாத மறைபொருள் என்பார் சிலர். அவர்கள் காஞ்சிபுரத்திற்கோ ஆரணிக்கோ சென்று, பட்டுத்தறியின் மேல் தொங்கும் துளையட்டைகளைக் கண்டுவருதல் நலம். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். இல்லாத இடத்தில் நுழையாது. அதற்கேற்ப இழைகள் சில எழும், சில எழா. அவ்வெழுச்சியும் தாழ்ச்சியுமே மயிலாகவும் மாங்காயாகவும் சேலையில் மலர்கின்றன. 1804-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் இலியோன் நகரத்துச் சாக்கார்டு என்பார் அமைத்த பொறியின் வழிவந்தவை இவ்வட்டைகள். இவ்வட்டைமுறையைக் கொண்டே கணக்கிடும் பொறி ஒன்றை அமைக்கலாம் என்று 1830-களில் ஆங்கிலேயராகிய சார்லசு பாபேசு திட்டமிட்டார். அப்பொறி அவர் வாழ்நாளில் முற்றுப்பெறவில்லையாயினும், கணினியின் கால்வழி அங்கிருந்து தொடங்குகின்றது.

துளை உண்டு, துளை இல்லை, மின்னோட்டம் உண்டு, மின்னோட்டம் இல்லை, ஒன்று, சுழி. இவ்விரண்டே கணினி அறிந்த எழுத்துகள். இவ்விருமக் குறிகள் எட்டுச் சேர்ந்தது ஒரு பைட்டு. உள்ளீட்டுக் கருவி வழியாகச் செல்வதை நினைவகம் தாங்குகின்றது. மையச் செயலகம் ஆணைப்படி கணக்கிடுகின்றது. வெளியீட்டுக் கருவி விளைவைக் காட்டுகின்றது. கண்ணுக்கும் கைக்கும் எட்டுவது வன்பொருள். அதனை இயக்கும் ஆணைத்தொகுதி மென்பொருள். உலகெங்குமுள்ள கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலைப்பின்னலே இணையம். அவற்றுள் செய்தியைச் சேர்த்துவைத்துக் கேட்டார்க்கு வழங்குவது வழங்கி. வாங்கிக் காட்டுவது உலாவி.

மேலே 'பைட்டு' என்பதொழிய வேறு ஒரு சொல்லுக்கேனும் ஆங்கிலத்திடம் பெருங்கடன் பட நேர்ந்ததா? இல்லை. 'இணையம்' என்னும் சொல்லையே எண்ணிப் பார்க்க. அதனை வழங்கச் செய்தவர் என்று போற்றப்பெறுபவர் சிங்கப்பூர்த் தமிழாசிரியரும் எழுத்தாளருமாகிய நா. கோவிந்தசாமி. ஒரு தமிழாசிரியர் கணினியின் முன் அமர்ந்ததன் பயன், உலகத் தமிழர் அனைவரும் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லாக நிற்கின்றது. தமிழாசிரியர்க்குக் கணினி எதற்கு என்று கேட்பார்க்கு இதனினும் சிறந்த விடை இல்லை.

விசைப்பலகையில் இலக்கணம்

கணினி கற்கும் தமிழ் மாணவன் முதற்கண் பழகவேண்டியது தமிழைத் தமிழாகவே பதிக்கும் முறையாகும். இன்று பல மாணவர், 'அம்மா' என்று எழுதவேண்டின் ஆங்கில எழுத்துகளைத் தட்டி, பொறி அதனைத் தமிழாக்கித் தரும்வரை காத்திருக்கின்றனர். தாயை அழைப்பதற்கும் இடையில் ஓர் ஆங்கிலத் தரகன்! நாளடைவில், அத்தரகனும் வேண்டா என்று, ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதி விடுகின்றனர். எழுத்து மறந்தால் ஒலி மறக்கும். லகர, ளகர, ழகர வேறுபாடும், நகர, னகர, ணகர வேறுபாடும் மாணவரிடையே தேய்ந்துவருவதற்கு இதுவும் ஒரு கரணியம்.

1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசைப்பலகை இதற்கு நன்மருந்து. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று ஆக முப்பத்தொரு விசைகளுள் தமிழ் நெடுங்கணக்கு முழுதும் அடங்கிவிடுகின்றது. உயிரெழுத்துகள் இடக்கைப்புறம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப்புறம். மெய்விசையின் பின் உயிர்விசையை அழுத்தினால் உயிர்மெய் பிறக்கின்றது. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னது தானே புள்ளி பெறுகின்றது. ஙகரத்தின் பின் ககரம் வந்தால், இனவெழுத்தென்று அறிந்து, பொறியே ஙகரத்திற்குப் புள்ளியிடுகின்றது. தொடக்கப் பள்ளியில் கற்ற எழுத்திலக்கணம் விரல்நுனியில் உயிர்பெற்று நிற்கின்றது. ஆங்கிலத்தரகன் வழியில் இந்நயம் கிடையாது.

தமிழெழுத்தைக் கணினிக்குள் ஏற்றியோர் செய்த குறையையும் மாணவன் அறிதல் வேண்டும். 'தமிழ்' என்பது மூன்றெழுத்துச் சொல். ஆனால் இன்று உலகம் முழுதும் வழங்கும் ஒருங்குகுறியில் அச்சொல் ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகின்றது: தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி. உயிர்மெய் ஒவ்வொன்றற்கும் தனியிடம் தரப்படாமையால் நேர்ந்தது இது. இக்குறையை நோக்கியே, அனைத்தெழுத்திற்கும் தனித்தனி இடந்தரும் குறியமைப்பு ஒன்றை, ஒருங்குகுறியோடு சேர்த்து, 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏற்றது. குறியமைப்பை வகுக்கும் அவையில் அமர்ந்து தன் மொழிக்காக வாதிடவல்ல இளைஞன் வேண்டுமெனில், அவன் இன்று ஆறாம் வகுப்பில் இவ்வடிப்படையைத் தமிழில் கற்றுக்கொண்டிருத்தல் வேண்டும்.

'நிரல்மொழிகளெல்லாம் ஆங்கிலச் சொற்களால் ஆனவையாயிற்றே. பிறகு தமிழ்வழிக் கணினிக் கல்வி எவ்வாறு?' என்பது வழக்கமாக எழும் தடை. நிரல்மொழியிலுள்ள ஆங்கிலச் சொற்கள் மிகச்சில. அவற்றை ஒரு கிழமையில் பழகிவிடலாம். கற்கவேண்டுவது அச்சொற்களை அன்று. ஒரு சிக்கலைப் படிப்படியாகப் பிரித்து, ஒழுங்குபடுத்தி, தீர்வு காணும் எண்ணமுறையை. எண்ணம் பிறப்பது தாய்மொழியில். சப்பானியரும் கொரியரும் தத்தம் மொழியிலேயே பள்ளிக்கல்வி பெற்றுத்தான் உலகிற்குக் கணினி செய்து விற்கின்றனர். தேவைப்படும் ஆங்கிலத்தைத் தமிழ் மாணவனும் கருவியாகக் கற்றுக்கொள்வான். அதற்காக ஆங்கிலத்திற்குக் கருவியாகிவிட வேண்டுவதில்லை.

வாயிற்பூட்டும் வழிப்போக்கனும்

இனி, அறிவோடு ஒக்கக் கற்கவேண்டிய கட்டுப்பாட்டைக் காண்போர் முதலில் காணவேண்டுவது தற்காப்பு. தன்னைக் காவாதவன் பிறர்க்கும் கேடு செய்வான்.

கடவுச்சொல் என்பது வீட்டுப் பூட்டின் திறவுகோல். நெருங்கிய நண்பனுக்கும் அதனைத் தருதல் தகாது. பிறந்த நாளையும் தன் பெயரையும் கடவுச்சொல்லாக வைத்தல், திறவுகோலைக் கதவிலேயே தொங்கவிடுதலை ஒக்கும். தமிழ்ச்சொற்கள் சிலவற்றைத் தொடர்பின்றிக் கோத்து நீளமாக அமைத்தால், உடையவனுக்கு நினைவில் நிற்கும், பிறனுக்கு எட்டாது. ஒவ்வொரு கணக்கிற்கும் வெவ்வேறு கடவுச்சொல் வேண்டும். பள்ளிக் கணினியிலோ கடைக் கணினியிலோ தன் கணக்கைத் திறந்தவன், எழுமுன் அதனை மூடிவிட்டு எழுதல் வேண்டும்.

'உங்கட்குக் கல்வி உதவித்தொகை வந்துள்ளது. இவ்விணைப்பை அழுத்துக' என்றும், 'பரிசு விழுந்துள்ளது. ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சொல்லுக' என்றும் வருவன தூண்டில்கள். எந்த வைப்பகமும் எந்த அரசு அலுவலகமும் ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தொலைப்பேசியில் கேட்பதில்லை. ஏமாந்து பணம் இழந்தவர் நாணி மறைத்தல் கூடாது. உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடல் வேண்டும். விரைந்து முறையிட்டால், பணம் கைம்மாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

இதனினும் கொடிய கண்ணி ஒன்று கல்லூரி மாணவரைச் சூழ்ந்துள்ளது. 'உன் வைப்பகக் கணக்கைச் சிலநாள் எமக்குக் கொடு. வரும் பணத்தில் ஒரு பங்கு உனக்கு' என்று அயலான் ஒருவன் வருகின்றான். வறுமையால் வாடும் மாணவன் இதில் என்ன தவறு என்று இசைந்துவிடுகின்றான். அக்கணக்கின் வழியே ஓடுவது எங்கோ ஏமாற்றப்பட்ட முதியவர் ஒருவரின் வாழ்நாட் சேமிப்பு. காவல்துறை பின்தொடர்ந்து வந்து நிற்கும் முதற்கதவு அம்மாணவனுடையது. கணக்கைப் பயன்படுத்தியவன் மறைந்துவிடுவான், கணக்கிற்குரியவன் அகப்படுவான். கணக்கை இரவல் கொடுத்தல், திருடனுக்குத் தன் வீட்டைப் பொருளறையாகக் கொடுத்தலேயாகும்.

பிறர் உழைப்பும் தமிழன் மானமும்

அடுத்தது, பிறர் பொருள் கவராமை. பருப்பொருளைத் தொட அஞ்சும் மாணவனும், இணையத்தில் கிடப்பதை எடுத்துக்கொள்ளத் தயங்குவதில்லை. 'ஒருபடி எடுத்தால் முதற்படி குறைந்துவிடுமா?' என்கின்றான். முதற்படி குறைவதில்லை, அதனை ஆக்கியவனின் சோறு குறைகின்றது.

ஐந்நூறு படிகள் அச்சிட்டு, அவற்றை விற்று, அப்பணத்தால் அடுத்த நூலை அச்சிடும் சிறு பதிப்பகங்களே தூய தமிழ் நூல்களைப் பெரும்பாலும் வெளியிட்டு வருகின்றன. அத்தகைய நூலொன்றை ஒருவர் ஒளிவருடி, பகிரிக் குழுக்களில் பரப்பிவிட்டால், 'தமிழ்ப்பணி' என்று அதனைப் போற்றுவார் பலர். அஃது உண்மையில் அப்பதிப்பகத்தின் வேரில் ஊற்றிய வெந்நீர். தமிழ் நூலைத் திருடித் தமிழை வளர்த்தவர் எங்கும் இலர்!

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நூலாசிரியர் வாழ்நாளும் அவர் மறைந்த ஆண்டை அடுத்து அறுபது ஆண்டுகளும் அவர் நூலுக்கு உரிமை உண்டு. 1950-இல் மறைந்த மறைமலையடிகளாரின் நூல்கட்கு இக்கணக்கின்படி 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு உரிமைக்காலம் முடிந்தது. அன்றியும், தமிழ்நாட்டரசு சான்றோர் பலர் நூல்களை நாட்டுடைமையாக்கியுள்ளது. பாவாணர் நூல்கள் அவ்வாறு மக்களுக்கு உரியவாயின. இவற்றை எவரும் எடுக்கலாம், பதிக்கலாம், பரப்பலாம். தன் படிப்பிற்காகவும் ஆய்விற்காகவும் திறனாய்விற்காகவும் பிறர் நூலின் சிறுபகுதியை முறையோடு எடுத்தாளவும் அச்சட்டம் இடந்தருகின்றது. எது பொது, எது தனி என்று பிரித்தறிதலே மாணவன் கற்கவேண்டிய பாடம்.

முறையான வழியில் பெருந்தொண்டு செய்யலாம் என்பதற்குச் சான்றுகள் உள. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் முனைவர் கு. கலியாணசுந்தரம் தொடங்கிவைத்த மதுரைத் திட்டம், பல நாட்டுத் தன்னார்வலரைக் கொண்டு, தமிழ் நூல்களை எண்ம வடிவாக்கி விலையின்றி வழங்கி வருகின்றது. 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா, நூறாயிரத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு வளர்ந்துள்ளது. அதனை எவரும் எடுத்தாளலாம். எடுத்த இடத்தைச் சொல்லுதலும், தம் ஆக்கத்தையும் அதே உரிமையோடு பிறர்க்குத் திறந்துவிடுதலும் கட்டுப்பாடு.

மென்பொருளும் நூலைப் போன்றதே. இந்தியச் சட்டம் கணினி நிரலை இலக்கிய ஆக்கமாகவே கருதுகின்றது. உரிமை மீறிய மென்பொருள் என அறிந்தே அதனைப் பயன்படுத்துவார்க்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு நூறாயிரம் உருபா வரை தண்டமும் அச்சட்டம் கூறுகின்றது. பூட்டுடைத்த மென்பொருளோடு நச்சுநிரலும் ஒட்டிவருதல் உண்டு. திருடிய மோரில் பாம்பின் நஞ்சு. வாங்கப் பணமில்லாத மாணவன் திருட வேண்டுவதில்லை. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் ஒருவர் தொடங்கிவைத்த இலினக்சு, இன்று உலகின் பெருங்கணினிகளையெல்லாம் இயக்குகின்றது; விலையுமில்லை, தளையுமில்லை. ஆவணம் ஆக்க உதவும் இலிப்ரே ஆபீசு தமிழ் முகப்போடு கிடைக்கின்றது. திருடிய ஆங்கில மென்பொருளினும் முறையாகப் பெற்ற தமிழ் மென்பொருள் மானமுடையது.

எடுத்த இடத்தைச் சொல்லுதல் மேனாட்டார் கற்பித்த ஒழுக்கம் என்று கருதுவார் தொல்காப்பியத்தைத் திறந்து பார்க்க. தமக்கு முன்னோர் கூறியதை 'என்ப' என்றும் 'மொழிப' என்றும் அடிதோறும் அறிவித்துச் செல்கின்றார் அவ்வாசிரியர். தமது எனக் கூறிக்கொண்டிருந்தால் கேட்பார் எவருமிலர். ஆயினும் அவர் அவ்வாறு செய்யவில்லை. இற்றை மாணவனோ, செய்யறிவுப் பொறி எழுதிக்கொடுத்த கட்டுரையைத் தன் பெயரிட்டு ஆசிரியரிடம் நீட்டுகின்றான். ஐயம் கேட்டு அறிதற்கும் பிழை திருத்துதற்கும் அப்பொறியைப் பயன்கொள்ளுதல் தவறன்று. எண்ணும் தொழிலையே அதனிடம் ஒப்படைத்தல், தான் நடவாமல் பிறனை நடக்கவிட்டுத் தன் கால் வலிமைபெறும் என்று நம்புதலாகும்.

கண்காணா இடத்தில் காக்கும் நா

திருவள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனியதிகாரம் வகுத்தார். எதிரில் நில்லாதவனைப் பழித்தல் இழிவு என்பது அதன் கருத்து. இணையத்திலோ எவரும் எவர்க்கும் எதிரில் நிற்பதில்லை. ஆகவே, அங்கே பழித்துரைக்கும் பழியெல்லாம் புறங்கூற்றே. முகம் காணாமையால் நாணம் அறுகின்றது; நாணம் அறவே, நேரில் வாயெடுக்கத் துணியாத சொல்லை விரல் எழுதிவிடுகின்றது.

உடன்பயிலும் மாணவியின் படத்தை அவளறியாமல் எடுத்தலும், திரித்தலும், பரப்புதலும் விளையாட்டன்று. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008-இல் செய்யப்பெற்ற திருத்தத்தின்படி, ஒருவரின் தனியுறுப்புப் படத்தை அவர் இசைவின்றி எடுத்துப் பரப்புவார்க்கு மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு நூறாயிரம் உருபா வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. பிறர் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ திருடிப் பயன்கொள்வார்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு நூறாயிரம் உருபா வரை தண்டமும் உண்டு. பிறர் பெயரில் கணினிவழி ஏமாற்றுவார்க்கும் அவ்வாறே. பதினெட்டு நிரம்பாதாரைச் சட்டம் வேறு முறையில் உசாவுமாயினும், குற்றம் குற்றமே. சட்டம் காணாத இடத்திலும், படம் பரவியமையால் பள்ளியை விட்டு நின்ற பெண்ணின் கண்ணீர் காணும்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் தெளிவுபடுத்தல் வேண்டும். சட்டத்திற்கு அடங்குதல் வேறு. ஆள்வோர்க்கு அஞ்சுதல் வேறு. அதே சட்டத்தின் 66-அ என்னும் பிரிவு, பிறர்க்கு எரிச்சலூட்டும் செய்தியை விடுத்தாலே சிறை என்று கூறி, கருத்துரிமைக்கு விலங்கிட்டது. 2015-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் இந்திய உச்ச முறைமன்றம் அப்பிரிவை முற்றும் நீக்கியது. ஆகவே, அரசின் செயலைக் கண்டித்தெழுதவும், இந்தித் திணிப்பை எதிர்த்துரைக்கவும், தாய்மொழியுரிமை கேட்கவும் தமிழ் மாணவனுக்கு முழுவுரிமை உண்டு. அதனை அவன் அஞ்சாது கையாள்க.

ஆனால், தமிழின் பெயரால் இணையத்தில் இன்று எழுதப்படுவனவற்றையெல்லாம் தமிழ்த்தொண்டு என்று ஏற்றல் இயலாது. மாற்றுக் கருத்துடையானின் தாயை இழித்துரைக்கின்றார் ஒருவர். சான்று தேடாத செய்தியைத் தமிழர் பெருமை என்று பரப்புகின்றார் மற்றொருவர். கல்வெட்டில் இல்லாததை உண்டென்றும், அயல்நாட்டறிஞர் சொல்லாததைச் சொன்னாரென்றும் எழுதி, பகைவன் எள்ளி நகையாட இடந்தருகின்றார். இன்னும் சிலர், தமிழர் என்று ஒருவரியும் அடுத்த வரியில் தம் சாதிப் பெருமையும் எழுதுகின்றனர். தூய சொல்லால் எழுதப்பட்ட வசை தூயதாகிவிடாது. வடசொல்லை நீக்கினால் மட்டும் தனித்தமிழ் ஆகாது. பொய்யையும் இழிவையும் நீக்கல் வேண்டும். ஒரு பொய்யைப் பரப்பிய மொழிப்பற்றாளன், அவனுக்குப் பின் வரும் நூறு மெய்யர்களின் வாயை அடைக்கின்றான். ஒரு செய்தியைப் பரப்புமுன், இதனை முதலில் சொன்னவர் யார், சான்று எங்கே, எப்பொழுதைய செய்தி என்னும் மூன்று கேள்விகளை ஒவ்வொரு மாணவனும் கேட்டுப் பழகுவானாக.

செய்யத்தக்கன

2018-இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், கணினி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும் பற்றி ஓரியலும், கணினியில் தமிழ் பற்றி மற்றோரியலும் இடம்பெற்றன. அறத்தையும் மொழியையும் அருகருகே வைத்த ஆசிரியர் குழு போற்றத்தக்கது. ஆனால் அதனைக் கற்போர், அப்பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்த மாணவர் மட்டுமே. கைப்பேசி ஐந்தாம் வகுப்பிலேயே கைக்கு வந்துவிடுகின்றது. அதன் அறம் பதினொன்றாம் வகுப்பில், அதுவும் சிலர்க்கு மட்டும் வருகின்றது. வெள்ளம் வடிந்த பின் கட்டும் அணையால் பயன் யாது?

ஆகலின், தமிழன்பர்களும் ஆசிரியரும் பெற்றோரும் ஒருங்கு நின்று கேட்கவும் செய்யவும் வேண்டியன இவை:

ஒன்று: ஆறாம் வகுப்பு முதல், எல்லா மாணவர்க்கும், கணினியடிப்படையும் இணைய ஒழுக்கமும் தமிழில் கட்டாயப் பாடமாதல் வேண்டும்.

இரண்டு: தமிழ்99 முறையில் பத்து விரல்களாலும் பதிக்கும் பயிற்சி, தமிழ்ப் பாடவேளையின் ஒரு பகுதியாக அமைதல் வேண்டும்.

மூன்று: தமிழ்நாட்டில் வழங்கும் ஒவ்வொரு செயலியின் உடன்படிக்கையும், பன்னிரண்டு அகவைப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் தரப்படல் வேண்டும். தராதவை தமிழ்நாட்டுப் பள்ளிக்குள் நுழைதல் கூடாது.

நான்கு: அரசுப் பள்ளிக் கணினிகளில் விலையும் தளையும் அற்ற மென்பொருள்கள், தமிழ் முகப்போடு நிறுவப்படல் வேண்டும்.

ஐந்து: தமிழியக்கத்தினர், தம் பெயரால் பொய்யும் வசையும் பரப்புவோரைத் தாமே முன்வந்து கண்டித்தல் வேண்டும். பிறர் வந்து கண்டிக்கும்வரை காத்திருத்தல் இழுக்கு.

ஆறு: ஒவ்வோர் ஊரிலும் உள்ள தமிழ்மன்றம், திங்களுக்கு ஒருநாள் பெற்றோரைக் கூட்டி, பிள்ளையின் கைப்பேசியில் நிகழ்வது யாதென்று தமிழில் விளக்குதல் வேண்டும்.

இவற்றுள் முதல் நான்கும் அரசினரைச் சாரும். பின்னிரண்டும் அரசாணை எதனையும் எதிர்நோக்க வேண்டாதவை, நாளையே தொடங்கத்தக்கவை.

ஓலையிலிருந்து தாளுக்குத் தமிழ் ஏறியபோது, ஏற்றியவர்கள் புலவர்கள். அவர்கள் பாடம் திரியாமல் காத்தனர். படி கொடுத்தவர் பெயரை முன்னுரையில் பதித்தனர். தாளிலிருந்து கணினிக்குத் தமிழ் ஏறும் இக்காலத்தில், ஏற்றுவோர் மாணவர்கள். அப்புலவர்க்கிருந்த பொறுப்பு முழுதும் இவ்விளைஞர் தோளில் அமர்ந்துள்ளது. தமிழில் எண்ணித் தமிழில் இயற்றும் திறமும், பிறர் பொருளுக்கும் பிறர் மானத்திற்கும் தீங்கு நினையாத கட்டும் ஒருங்கே உடைய தலைமுறை ஒன்று எழுமாயின், தமிழ் எவர் காப்பையும் வேண்டாமல் தானே தன்னைக் காத்துக்கொள்ளும்.

தமிழ் மாணவர் எழுக! கற்க, கற்றதைத் தமிழில் ஆக்குக, ஆக்கியதை அறத்தோடு காக்க!